இடக்கை அளவு

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

பட்டறையில் எனக்கென்று தனி மேசை கொடுத்துவிட்டார்கள். அதில் செய்யப்போகும் முதல் எலக்ட்ரிக் கிடார் உங்களுக்குத்தான். பிகு பண்ணாமல் பதில் எழுதுங்கள். கிடாரின் கழுத்தை உடம்போடு சேர்க்க இரண்டு வழி. நாலு திருகு போட்டு முடுக்கினால், பிறகு கழற்றி வேறு கழுத்து மாட்டலாம். பசை வைத்தால் ஒட்டியது ஒட்டியதுதான். மேல்பலகைக்கு வரிவரியாய் மின்னும் மேப்பிள் மரம் இருக்கிறது. அடக்கமாக வேண்டுமென்றால் வால்நட்.

கம்பியை அழுத்தும் இடக்கையைத் தாளில் விரித்து வைத்து, சுற்றி வரைந்து அனுப்புங்கள். அந்த அளவுக்குத்தான் கழுத்தைச் செதுக்குவேன். அதுசரி, நான் போன் செய்தால் ஏன் உடனே அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள்?

உங்கள் வாலு

மார்ச் 15

அன்புள்ள வாலுவுக்கு,

அச்சகத்தில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது, அவ்வளவுதான். "அவகிட்ட நீங்களே பேசுங்களேன்" என்று உன் அம்மாவும் முணுமுணுக்கிறாள். வால்நட் போதும், இந்த வயதில் மினுக்கு எதற்கு. கழுத்தைத் திருகிலேயே மாட்டு. கை அளவு இத்துடன் இருக்கிறது. மெதுவாகச் செய், ஒரு வருடம் ஆனாலும் பரவாயில்லை.

ஆசிகளுடன்,
அப்பா

மார்ச் 27

அன்புள்ள அப்பா,

தாளைப் பிரித்ததும் இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆட்காட்டி விரல் நுனி கோணியிருக்கிறது. சின்ன வயதில் நான் கார் கதவைச் சாத்தி நசுக்கிய விரல், அது இருப்பது வலக்கையில். மல்லாத்தி வைத்து வரைந்தால் இடக்கை மாதிரி தெரியும் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். கோடு முழுக்க நடுக்கம் வேறு.

அம்மாவுக்குப் போன் போட்டேன். முதலில் மழுப்பினாள், பிறகு அழுதாள். ஜனவரியில் குளியலறையில் விழுந்தது, பக்கவாதம், இடக்கை விரல்கள் மடங்கியே இருப்பது, எல்லாம் சொன்னாள். "உனக்குத் தெரிஞ்சா நீ வேலைய விட்டுட்டு ஓடி வந்துடுவேன்னு சத்தியம் வாங்கிட்டாருடி" என்றாள். உங்கள் மேல் எனக்கு அவ்வளவு கோபம். அன்றைக்கு உளியைத் தொடவே இல்லை.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். மடங்கிய விரலுக்குள் கம்பியை மீட்டுகிற பிக் நிற்கும். இடக்கை மீட்டட்டும், வலக்கை அழுத்தட்டும். கிடாரையே மாற்றிச் செய்கிறேன். நீங்கள் அனுப்பிய அளவே போதும். நீங்கள் சொன்னபடி திருகிலேயே மாட்டுகிறேன். இடக்கை சரியானதும் கழற்றிவிட்டுப் பழைய மாதிரிக் கழுத்து போட்டுத் தருகிறேன்.

வாலு

ஏப்ரல் 6

என் வாலுவுக்கு,

கையும் களவுமாகப் பிடித்துவிட்டாய். வாசிக்க முடியாத அப்பனை நீ பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். உங்கள் இரண்டு பேரையும் அழவைத்ததுதான் மிச்சம். என்னை மன்னித்துவிடு.

நேற்று துடைப்பத்தைக் கிடார் மாதிரி மாற்றிப் பிடித்துப் பார்த்தேன். "இந்தக் கூத்த நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல" என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள். ஜனவரிக்குப் பிறகு அவள் சிரித்தது நேற்றுதான்.

இரண்டு மாற்றம் உண்டு. மேல்பலகைக்கு மேப்பிளே போடு. வாசிப்பு சொதப்பினாலும் பார்க்கவாவது நன்றாக இருக்கட்டும். இன்னொன்று, திருகு வேண்டாம். இடக்கை விரல்கள் இனி விரியாது என்று டாக்டர் போன வாரம் சொல்லிவிட்டார். உன் அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை, உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். கழுத்தைப் பசை வைத்து ஒட்டிவிடு.

அன்புடன்,
அப்பா