நூற்றில் எழுபத்தெட்டு

நூற்றில் எழுபத்தெட்டு, குட்டி. போனில் நீ கேட்டபோது பாதி இருக்கும் என்றேன். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே எனக்குத் தெரியாது. நீ வைத்த பிறகு அப்பாவும் நானும் எல்லாத் தாளையும் சாப்பாட்டு மேசையில் பரப்பினோம். நம் சேமிப்பு நூறு என்றால் அதில் எழுபத்தெட்டு என் கம்பெனியின் பங்கு. ஒரே பங்கு. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை கூட்டினார். எழுபத்தெட்டுதான்.

நாங்கள் இருவரும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் படியேறும்போது பேசுகிறது. உன் இருமல் நின்றதா, அறை ஹீட்டரைச் சரிசெய்தார்களா, இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது. எல்லாம் ஓகேம்மா என்று ஒரே வரியில் முடிக்காதே.

எப்படி இவ்வளவு சேர்ந்தது என்று கேட்பாய். இருபத்திரண்டு வருடம். போனஸில் பாதியைப் பங்காகத் தருவார்கள், நான் ஒன்றைக்கூட விற்றதில்லை. நாங்கள் செய்வது மண் அள்ளும் இயந்திரங்களுக்குப் போகும் ரப்பர் குழாய். ஒவ்வொரு கட்டுக் குழாயிலிருந்தும் ஒரு துண்டு என் மேசைக்கு வரும். அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போய், வெடிக்கும் வரை காத்திருப்பது என் வேலை. குழாயை அறிவேன், அதனால் கம்பெனியை அறிவேன் என்று நினைத்துவிட்டேன். இன்னொன்றும் உண்டு. கான்டீன் சுவரில் ஒரு பலகை. எங்கள் ஸ்டோர்காரர், பூட்டு என்று கூப்பிடுவோமே அவர், தினமும் அதில் பங்கு விலையைச் சாக்பீஸால் எழுதுவார். யாராவது விற்றால் அவர்களுடைய கோப்பையை ஆணியில் தலைகீழாக மாட்டிவிடுவோம். ஒரு மாதம் அதில் யாரும் தேநீர் ஊற்றக் கூடாது. விளையாட்டுதான். போன வருடம் அச்சுப் பிரிவு அக்கா, தன் மகன் கல்யாணத்துக்காகக் கொஞ்சம் விற்றார். சோறு போடுற இடத்து மேலயே நம்பிக்கை இல்லையா அக்கா என்று பூட்டு கேட்டார். எல்லாரும் சிரித்தோம். கோப்பையை மாட்டிய கை என்னுடையது.

ஆறு வாரம் முன்பு எங்கள் பெரிய வாடிக்கையாளர் வேறு இடத்துக்குப் போய்விட்டார். இரண்டாம் ஷிப்டை நிறுத்தினார்கள். அன்று நான் சோதித்த எட்டுத் துண்டும் நன்றாகத் தாங்கின. ஆனாலும் பலகையில் விலை இறங்கியது. குழாய் வேறு, பங்கு வேறு. இவ்வளவு நாள் கழித்துத்தான் உறைத்தது. சம்பளமும் சேமிப்பும் ஒரே கூரைக்கடியில். கூரை சரிந்தால்?

சொந்தக் கம்பெனிப் பங்கு நூற்றில் பத்துக்கு மேல் கூடாது என்றாய் நீ. ஏன் பத்து? விரல் பத்து என்பதாலா? பாங்க் பெண் ஐந்து என்றாள். உன் சித்தப்பா முப்பது வரை தாராளமாக வைக்கலாம் என்றார். எல்லாரிடமும் ஒரு எண் இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

அதனால் ஒரு சோதனை. பங்கு பூஜ்யம், என் வேலையும் போய்விட்டது, அப்படி வைத்துக்கொண்டோம். மிச்சமுள்ள இருபத்திரண்டை இருபது வருடத்துக்குப் பிரித்து, ஒரு மாதத்துக்கு உண்டானதை மட்டும் டிராயரில் போட்டோம். அதற்கு மேல் தொடக் கூடாது. அப்பாவுக்கு ஒரே உற்சாகம். பஸ்ஸை விட்டு நடந்தார், விளக்கை அணைத்துவிட்டு வானொலி கேட்டார். பத்தொன்பதாம் நாள் டிராயர் காலி. அதே அன்று அவருடைய சட்டைப் பையில் முழங்கால் மாத்திரை அட்டை, அதுவும் காலி. நான்கு நாளாக மாத்திரை இல்லாமல் நடந்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “விளையாட்டைப் பாதியில கெடுக்க வேண்டாம்னுதான்” என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனேன்.

இரவு கணக்குப் போட்டோம். பத்தொன்பது நாளுக்கு இருபத்திரண்டு என்றால், மாதம் முழுக்க ஓட முப்பத்தைந்து இந்தப் பங்குக்கு வெளியே இருக்க வேண்டும். அதாவது, பங்கு அறுபத்தைந்தைத் தாண்டினால் நாம் வெடிப்போம். மாத்திரையையும் சேர்த்தால் அதற்கும் முன்பே. எங்கள் குழாய் எந்த அழுத்தத்தில் வெடிக்கிறதோ அதில் நான்கில் ஒன்றைத்தான் பாதுகாப்பான அளவு என்று அதன் மேல் அச்சடிப்போம். அறுபத்தைந்தில் நான்கில் ஒன்று, பதினாறு. “குழாய்க்கும் குடும்பத்துக்கும் ஒரே கணக்காடி?” என்றார் அப்பா. வேற கணக்கு இருந்தா குடுங்க என்றேன். சிரித்தார், கொடுக்கவில்லை.

பதினாறுகூட எதற்கு என்று நீ கேட்கலாம். தெரியவில்லை. பலகையைப் பார்க்கும்போது எனக்கென்று ஒன்று அதில் இருக்க வேண்டும் போலிருக்கிறது. அந்த ஆசைக்கு ஒரு அளவு கிடைத்ததே போதும். நான்கு தவணையாக விற்கலாம் என்று முடிவு. வருவதைப் பல இடங்களில் பிரித்துப் போட நீதான் உதவ வேண்டும். விற்பது பட்டன் அமுக்குகிற வேலை. கான்டீனுக்குள் நுழைவதுதான் கஷ்டம்.

இன்னொன்று. உன் கம்பெனியும் உனக்குப் பங்கு தருகிறது, நீயும் விற்பதில்லை. என்னிடம் பத்து என்று சொல்லும்போது உன் குரல் ஒரு நொடி தயங்கியது. உன்னுடையது நூற்றில் எத்தனை? பதிலில் விளக்கம் வேண்டாம், எண்ணை மட்டும் எழுது.

உடம்பும் மனசும் தெம்பாக, எடுத்த காரியம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும். அப்பா தன் ஆசியையும் சேர்த்து எழுதச் சொன்னார். மறக்காமல் ஹீட்டர்.

அன்புடன்,
அம்மா

உறையை ஒட்டுவதற்கு முன்: இன்று காலை முதல் தவணையை விற்றேன். பூட்டு வருவதற்கு முன்பே கான்டீனுக்குப் போய் என் கோப்பையை நானே தலைகீழாக மாட்டினேன். பிறகு அச்சுப் பிரிவு அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவருடைய கோப்பையில் பாதித் தேநீர் கேட்டேன்.