அப்பா போட்டுக் காட்டும் பதிவு

என் மகளுக்கு,

ஜோகன்னஸ்பர்க் பஸ்ஸில் ஏரிக் கருவாடு கொடுத்தனுப்பியிருக்கிறேன். நீ சொன்னபடியே டாக்டர் பேசியதை அப்பா போனில் பதிவு செய்துவிட்டார். டாக்டர் வெளிநாட்டுக்காரர், நம் சிச்சேவா மொழி அவருக்கு வராது. இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார். நர்ஸ் தியாமிகே எங்களுக்குச் சொன்னதெல்லாம், "மாத்திரைய மாத்தியிருக்காரு, நல்லா சாப்பிடுங்க ஐயா" என்பது மட்டும்தான்.

அப்பாவுக்கு ஒரே பெருமை. "எனக்காக எவ்வளவு நேரம் பேசியிருக்காரு பாரு!" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சத்தமாகப் போட்டுக் காட்டுகிறார். ஒரு வார்த்தையும் புரியாமல் எல்லோரும் தலையாட்டுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் சிபேட்டா வந்தார். பாதி கேட்டதுமே டீயைக் கீழே வைத்துவிட்டார். "என்ன சார், என் டாக்டர் இங்கிலீஷ் உங்களுக்கே புரியலையா?" என்று அப்பா சீண்டினார்.

"கொஞ்சம் கஷ்டமான இங்கிலீஷ்தான் அண்ணே" என்றார் வாத்தியார். போகும்வரை அப்பாவின் கையை விடவில்லை.

மறுநாள் அவர் மனைவி ஒரு கோழியைக் கொண்டுவந்து கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாளை பாதிரியார் வருகிறார். அவருக்கும் இங்கிலீஷ் தெரியும். அவருக்குப் போட்டுக் காட்டவேண்டும் என்று அப்பா போனில் பதிவைத் தேடிக்கொண்டிருக்கிறார். "நீ எதையாச்சும் அமுக்கிட்டியாடி?" என்று கத்துகிறார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பதிவு இருந்த மெமரி கார்டைப் போனிலிருந்து நான்தான் எடுத்தேன்; இந்தக் கடிதத்தின் மடிப்பில் இருக்கிறது. கேட்டுவிட்டு அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு எழுதாதே. எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று மட்டும் எழுது.

உன் அம்மா