எண்ணெய்த் துளையில் சந்தனம்

நங்கையா,

சீமெண்ணெயும் பழஞ்சந்தனமும் சேர்ந்தால் என்ன வாடை வரும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்கு இன்று காலையில் தெரிந்தது. தையல் மிஷினின் தலையில் எண்ணெய் விடுகிற துளைக்குள் குண்டூசியை விட்டுக் கிண்டினேன். காய்ந்த சந்தனம், குங்குமத்தோடு இறுகிக் கல்லாகி, துண்டு துண்டாக வந்தது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை நீங்கள் வைத்த பொட்டு அது. கரெக்டாக அந்தத் துளையின் மேல்தான் வைத்திருக்கிறீர்கள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.

செத்தவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். சொல்கிறவர்கள் உங்களோடு ஒரே கூரையின் கீழ் இருந்து பார்த்திருக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்பு உங்கள் சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் தங்கமான மனுஷி என்றார்கள். தம்பி குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர் என்றார்கள். தம்பி பெண்டாட்டி நான், பக்கத்தில் நின்று தலையாட்டினேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

இது என் அப்பா எனக்குச் சீராகக் கொடுத்த மிஷின். குண்டடத்தில் காட்டில் வெள்ளாமை பார்த்துக்கொண்டிருந்த மனுஷன், பல்லடத்தில் ஒரு டெய்லர் கடையை மூடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போய், பஸ் மேலே ஏற்றிக்கொண்டு வந்தார். அப்போதே அதற்கு என் வயதைவிட அதிக வயது. "அம்மிணி, பனியன் கம்பெனிக்குப் போனாலும் ஊட்டுல உனக்குனு ஒரு மிஷினு இருக்கோணும்" என்றார். அந்த 'உனக்குனு' என்ற சொல்லை நீங்களும் கேட்டுக்கொண்டுதான் நின்றீர்கள்.

அடுத்த நாளே மிஷின் உங்கள் அறைக்குள் போய்விட்டது. லட்சுமி மாதிரி, கண்ட இடத்தில் போடக் கூடாது என்றீர்கள். நான் போய்ப் பெடலில் கால் வைத்தபோது நீங்கள் கோபப்படவில்லை. நீங்கள் எப்போதுதான் கோபப்பட்டீர்கள்? சிரித்த முகமாகச் சொன்னீர்கள்:

"கை மாறுனா மிஷினு கெட்டுப்போயிரும் கண்ணு. உனக்கு என்ன வேணும்னு சொல்லு, நான் தெச்சுத் தாரேன்."

தைத்துத் தந்தீர்களா? உங்கள் சித்தி மகளுக்குப் பாவாடை, எதிர் வீட்டுக்குத் தலையணை உறை, கோவில் சாமிக்குக்கூடத் துணி. இன்று ஊசிக்கு அடியில் இருக்கிற தட்டைக் கழற்றினால், துணியை நகர்த்தும் பல்லில் அவர்கள் எல்லோருடைய நூலும் பஞ்சாகக் கிடக்கிறது. என் துணி ஒரு நூல் இல்லை.

பையன் வயிற்றில் இருந்தபோது கட்டிங் டேபிளில் விழுந்த பனியன் துணித் துண்டுகளைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்தேன். ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று, நடுவில் பழைய துணி வைத்து, மெத்தென்று தைக்க ஆசை. மாசமாக இருப்பவள் பெடல் மிதிக்கக் கூடாது என்றீர்கள். கம்பெனியில் நாள் முழுக்க மிதித்துக்கொண்டிருந்தவள் நான்! பிள்ளை பிறந்ததும் பச்சை உடம்பு என்றீர்கள். கடைசியில் கையால் தைத்தேன். அதை விரித்துப் பார்த்து, கோழி கிளறின மாதிரி இருக்குது என்று வந்தவர்கள் முன்னால் சிரித்தீர்கள். உங்கள் தம்பியும் சிரித்தார். அவரிடம் மிஷினைக் கேட்டுத் தரச் சொன்னால், அக்கா மனசு நோகும் என்பார். என் மனசு என்ன ரப்பரா?

பிறகு மிஷின் முனக ஆரம்பித்தது. சக்கரம் இறுகியது. கண் பட்டுவிட்டது என்று எலுமிச்சம்பழம் கட்டினீர்கள். அன்றைக்குப் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ஏனுங்க நங்கையா, துளி எண்ணெய் விட்டா என்னங்க? கம்பெனியில நாங்க தினமும் விடறமுங்க."

நீங்கள் துணியை மடித்தபடி சொன்னீர்கள்: "கம்பெனி மிஷினும் என்ற மிஷினும் ஒண்ணாக்கும்?"

என்ற மிஷின். 'என்னுடைய' என்று சொந்தம் கொண்டாடிய அந்த 'என்ற' இன்னும் என் காதில் இருக்கிறது, நங்கையா. உங்கள் சாவுக்கு எனக்குக் கண்ணீர் வராததற்குக் காரணம் கேட்டால் அந்த ஒரு சொல்லைத்தான் காட்டுவேன். அதன்பிறகு நீங்கள் மிஷினைத் துணி போட்டு மூடிவிட்டீர்கள். ஓடாவிட்டாலும் பரவாயில்லை, எனக்குக் கிடைக்கக் கூடாது. அவ்வளவுதானே?

இப்போது கேளுங்கள். துளைகளில் சீமெண்ணெய் விட்டு ஊற வைத்தேன். சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டினேன். கறுப்பாக அழுக்கு வழிந்தது. பிறகு மிஷின் எண்ணெய். புதுத் தோல் பெல்ட். பனியன் துணி இழுபடாமல் இருக்க முனை மழுங்கிய ஊசி போட்டு, துணியை அழுத்துகிற திருகைத் தளர்த்தினேன். மிதித்தேன். சத்தமே இல்லாமல் ஓடியது. கை மாறினால் கெட்டுப்போகும் என்றீர்களே!

உங்கள் சேலைகளைச் சொந்தக்காரர்கள் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நான் எடுத்தேன். நீங்கள் கசங்கக்கூட விடாத அந்த மாம்பழக் கலர் சேலையைத்தான் முதலில் வெட்டினேன். உள்ளே பனியன் துண்டுகளை வைத்துப் போர்வைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது மருமகள் வந்தாள். தெற்கத்திப் பெண், உங்கள் காலத்துக்குப் பிறகு வந்தவள். மாசமாக இருக்கிறாள்.

"நான் ஒரு ஓட்டம் ஓட்டிப் பாக்கட்டா அத்தை?" என்று சக்கரத்தில் கை வைத்தாள்.

"பாத்து. அது என்ற மிஷினு."

சொன்னது நான்தான். சிரித்த முகமாகத்தான் சொன்னேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். சும்மா, ஒன்றும் நடக்காதது போல, முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அப்படி எடுத்த கையை எனக்குத் தெரியும், நங்கையா. எத்தனை வருஷம் நான் எடுத்த கை அது.

என் அப்பா கொடுத்ததை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் இந்தச் சொல்லை என் வாயில் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். உங்களை நான் மன்னிக்கவில்லை. அந்தப் பேச்சே வேண்டாம்.

ஸ்டூலை விட்டு எழுந்தேன். எண்ணெய்க் குப்பியை அவள் கையில் கொடுத்தேன். பொட்டு எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள், இந்தத் துளையில் மட்டும் வைக்காதே என்றேன். அவள் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தாள். முதல் தையல் உங்கள் சேலையின் குறுக்கே கோணலாக ஓடியது.

நான் சிரிக்கவில்லை.