கடைசிப் பெஞ்சுக்கு வந்தவர்கள்

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், மூன்றாவது யார் என்று விழிக்காதே, குதிரைதான். உன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளும், அவர்களை அதட்டும் நீயும் நலமாக இருக்க தினமும் ஜெபிக்கிறோம். என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், கோபிக்காதே, கடிவாளம் பிடித்த கை.

இப்போது உட்கார்ந்துகொண்டு படி. நீ கப்பல் ஏறின அன்றைக்குக் கண் சிவந்திருந்தது, கேட்டதற்குத் தூசி என்றாய், கடல் காற்றில் ஏதம்மா தூசி. நான் கால் ஒடிந்து கிடந்தபோது வேலையை விட்டு நீக்காத வீடு, உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யமாட்டேன், உங்கள் மகனை மறந்துவிடுகிறேன் என்று எஜமானியம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அவர் மகன் சின்னவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாய். அவரோ கோவிலில் முன் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து கடைசிப் பெஞ்சில் எனக்கும் உன் அம்மாவுக்கும் நடுவில் உட்கார ஆரம்பித்தார், அவ்வளவுதான். பெஞ்சு கட்டை மாதிரி இருக்கும் என்று எஜமானியம்மா அவருக்கு ஒரு சின்ன மெத்தை கொடுத்தனுப்பினார், அவர் தொடவில்லை, வீணாக்குவானேன் என்று நான் உட்கார்ந்தேன். பிரசங்கத்தில் அருமையான தூக்கம், உன் அம்மா கிள்ளின இடம் இன்னும் கன்றியிருக்கிறது.

நற்கருணை கொடுக்கும் முறைதான் உனக்குத் தெரியுமே, முன் பெஞ்சுக்காரர் முதலில், நாம் கடைசியில். கிண்ணமோ ஒன்றுதான். சின்னவர் எனக்கு அடுத்து முழங்கால் போட்டு, என் மீசை நனைந்த கிண்ணத்தில் முகம் சுளிக்காமல் குடித்தார். சபையே பார்த்தது, அவர் அம்மாவும் பார்த்தார். போன மாதம் எஜமானியம்மாவின் வரிசை எழுந்து போனது, அவர் மட்டும் எழவில்லை. போதகர் கிண்ணத்தோடு காத்திருந்தார், எஜமானியம்மா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். சரி, சண்டைதான் வரப்போகிறது, வேறு வேலை தேட வேண்டியதுதான் என்று நினைத்தேன். கடைசியில் நாங்கள் போய் முழங்கால் போட்டபோது அவரும் மெதுவாக வந்து உன் அம்மா பக்கத்தில் முழங்கால் போட்டார். உன் அம்மா பயத்தில் ஆமென் சொல்ல மறந்துவிட்டாள்.

வெளியே வண்டியில் ஏறும்போது எஜமானியம்மா, உன் பொண்ணுகிட்ட வாங்கின வாக்கைத் திருப்பிக் குடுத்துட்டேன், பயத்துல கேட்ட வாக்கு அதுன்னு நீயே எழுது, எழுதத் தெரியும்ல என்று கேட்டார். எழுத்து நொண்டும்மா, ஆனா போய்ச் சேர்ந்துடும் என்றேன். சிரித்தார் அம்மா, அந்த முகம் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

சின்னவர் அடுத்த கப்பலிலேயே ஏறத் துடிக்கிறார், என் மகள் பதில் சொல்லட்டும், அதுவரைக்கும் லாடம் அடிக்கக் கால் குடுத்த குதிரை மாதிரி நில்லுங்க என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். நீ கடமைக்காகப் போனாய், சரி. கடமைக்காகத் திரும்பி வராதே. பாவம் காத்திருந்தாரே என்றும் வராதே, இந்த அப்பனுக்கு வயதாகிறதே என்றும் வராதே. உன் மனசு கேட்டால் மட்டும் வா. வேண்டாம் என்றாலும் நீ என் மகள்தான், நான் வண்டிக்காரன்தான், ஒரு குறையும் வராது.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வேளைக்குச் சாப்பிடு. மறக்காதே, பதிலை எனக்கு எழுதாதே, நேரே அவருக்கே எழுது. எனக்கு எழுதினால் போதகர் கோவிலில் கல்யாண அறிவிப்பு வாசிக்கும் முன்பே என் வாய் வாசித்துவிடும்.

முத்தங்களோடு,
உன் அப்பா, வண்டிக்காரன்