பேனா அழுந்திய இடம்

பழைய பிளாஸ்டிக் உறையைத் திறந்ததும், மழைக்காலம் முழுக்க மூடிக் கிடந்த அலமாரியின் வாசனை வந்தது. உள்ளே உன் குறுந்தகடு. ஜன்னல் பக்கம் சாய்த்தேன். சுவரில் ஒரு வண்ணக் கீற்று நீந்திப் போனது. மேல்பக்கத்தில் என் கையெழுத்து: ‘ஒளித்தட்டுப் பாடம்’. பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதியது.

நீ இறந்துபோய்ப் பதினெட்டு வருடம். நினைவுகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் உன் பிம்ப்ரி வீட்டுக் கூடம் தெரிகிறது. ஊரில் வாத்தியாராக இருந்த உன் தம்பி, தன் மாணவர்களுக்காகத் தமிழில் இயற்பியல் பாடம் கேட்டிருந்தான். சத்தம் விழுமென்று மின்விசிறியை நிறுத்தியிருந்தோம். நான் கணினி முன், நீ மைக்கோடு தரையில். தகட்டில் குரல் எப்படிப் பதிகிறது என்பதை ஒரு தகட்டுக்காகப் பேசிக்கொண்டிருந்தாய். உள்ளிருந்து வெளியே விரியும் ஒரே சுருள் பாதை. அதில் லேசர் சுட்டு வைக்கும் கரும்புள்ளிகள். பிறகு படிக்க வரும் மெல்லிய ஒளி சில இடங்களில் பளிச்சென்றும் சில இடங்களில் மங்கியும் திரும்பும். அந்த மாறுதல்கள் எண்களாகி, எண்கள் மறுபடி குரலாகும். அந்தப் புழுக்கத்தில் நான் பாதிக் கனவில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு பிரதி எடுத்தோம். ஒன்றில் நான் தலைப்பு எழுதியதும் பதறினாய். “ஏட்டி! என்ன காரியம் பண்ணுத?”

“மேல்பக்கம்தானே எழுதினேன். லேசர் படிக்கிறது அடிப்பக்கமில்லையா?”

“அடியில இருக்கது தடிச்ச பிளாஸ்டிக், ஏட்டி. அங்க கீறுனாக்கூடத் தேய்ச்சுச் சரிபண்ணலாம். வெள்ளிப்பூச்சு நீ எழுதுன இடத்துக்கு நேர் கீழதான் இருக்கு. எம்.எஸ்ஸி. படிச்ச மூளையப் பாரு!”

நல்லதைத் தம்பிக்கு அனுப்பிவிட்டுக் கெட்டதை எனக்குத் தந்தாய். நல்லது ஊரில் தொலைந்துவிட்டது.

அந்த உறையைத் திறந்தது போன ஞாயிற்றுக்கிழமை, உன் மகள் மெட்ரோவில் வந்திருந்தபோது. நீ போனபோது அவளுக்கு நாலு வயது. உன் தோழியான என்னை, இந்த ஊர் வழக்கப்படி சித்தி என்ற பொருளில், மாவ்ஷி என்றுதான் கூப்பிடுகிறாள். உன்னைப் பற்றி அவள் எதைக் கேட்டாலும், நிச்சயமில்லாததைச் சொல்லக்கூடாது என்று “சரியா ஞாபகமில்லைம்மா” என்றே சொல்லி வந்தேன். சில வருடங்களாக அவள் கேட்பதையே விட்டிருந்தாள்.

“மாவ்ஷி, இது ஓடுமா? மத்லப்... அதாவது, அம்மா குரல் எனக்கு சுத்தமா ஞாபகம் இல்ல.”

கணினி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, படிக்க முடியாது என்றது. பழைய சிடி பிளேயர் அவ்வளவு கறார் இல்லை. சிறு இடைவெளி வந்தால், முன்னும் பின்னும் உள்ள ஒலியை வைத்து நடுவிலுள்ளதை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். அதில் போட்டேன். நீ பேசினாய். அவள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பாடத்தின் நடுவே ஒரு குழந்தைக் குரல்: “அம்மா, வா.” அவள்தான், மூன்று வயதில். உடனே நீ: “வாரேன் கண்ணு, நீ...” டக். “...சரி, லேசருக்கு வருவோம்.”

மூன்று முறை போட்டாள். மூன்று முறையும் அங்கேயே தாவியது. பிளேயரால் ஊகிக்க முடியாத அளவுக்கு என் பேனா அங்கே அழுந்தியிருந்தது.

“அங்க என்ன சொன்னாங்க? நீங்க அந்த ரூம்லதானே இருந்தீங்க?”

வழக்கமான பதில் வாய் வரை வந்தது. அவளும் அதை எதிர்பார்த்தவள்போல பையை எடுத்தாள்.

“இரு. எனக்கு நிச்சயமில்ல. பாதி என் ஊகமாகக்கூட இருக்கலாம்.”

“சலேல் மாவ்ஷி, பரவால்ல. சொல்லுங்க.”

நீ மைக்கை ஒதுக்கிவிட்டு அவளை மடிக்கு இழுத்ததைச் சொன்னேன். பிறகு, சென்னையில் வளர்ந்த என் நாக்கில் ஒருநாளும் ஒட்டாத உன் ஊர்ப் பேச்சில், “நீ மடியில இருந்து கேளு, இது ஒனக்குந்தாம்ட்டி” என்றேன்.

அவள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். இரண்டாம் தடவை கொஞ்சம் மாறிவிட்டது. அவள் அதைக் கவனித்தாள்.

அதில் உன் சொல் எது, என் சொல் எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஆனால் இத்தனை வருடம் உன்னைப் பத்திரமாக வைத்திருப்பதாக நினைத்து அவளிடமிருந்து மூடி வைத்திருந்தேன் என்பது மட்டும் நிச்சயம். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, “அப்புறம்?” என்றாள்.