பென்சிலால் கோடிட்ட வரி

03.03.2025, திங்கள்
தவக்காலம் தொடங்க முன்னமே பழைய காலத்துத் துறவி ஒருவரின் புத்தகத்தைக் கையில் எடுத்துவிட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் என்று கணக்கு. இன்றைக்கு ஒன்றுகூட முடியவில்லை — ஆர்த்திகா வந்துவிட்டாள். தம்பி பெண்சாதி, விரட்டவா முடியும்? இறால் தரம்பிரித்து முதுகு நோகுதாம், தலை இடிக்குதாம், கைக்குக் கீழே கமக்கட்டுக்குள்ள கடுக்குதாம். கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போயிற்று. "உங்களிட்ட சொன்னாத்தான் மச்சாள் மனம் ஆறுது" என்கிறாள். என் மனம் அல்லவா ஆறவில்லை.

05.03.2025, விபூதிப் புதன்
ஒரு வரி கண்ணில் பட்டது: ‘மனிதரிடம் சொல்லி ஆற்றிய நோவு, கடவுளுக்குக் காணிக்கையாகாது.’ பென்சிலால் இரண்டு கோடு போட்டேன். பின்னேரம் புத்தகத்தை ஆர்த்திகாவிடமே கொடுத்தேன். "கோடு போட்ட இடத்த முதல்ல வாசி கா. இந்தத் தவக்காலத்துக்கு உனக்கு இதுதான்." எல்லாரும் இறைச்சியை விடுகிறார்கள். இவள் முறைப்பாட்டை விடட்டும்.

04.04.2025, வெள்ளி
ஒரு மாதமாக அவள் ஒன்றும் சொல்வதில்லை. சிலுவைப்பாதையில் பதினான்கு நிலைக்கும் முழங்காலில் நின்றாள். முகம் வாடித்தான் இருக்கிறது, ஆனால் ஒரு சாந்தம். "புத்தகம் அவவிலதான் வேலை செய்யுது, பாதர்" என்று சொன்னேன். பெருமையாக இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

20.04.2025, உயிர்ப்பு ஞாயிறு
புத்தகத்தைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டாள். வைத்திரு என்றேன்.

09.08.2025, சனி
இறால் கூடையை இடக்கையால் மட்டும் இழுத்துக்கொண்டு வந்தாள். உதவிக்கு வலக்கையைப் பிடித்தேன் — கத்திவிட்டாள். சட்டையில் ஈரம். அறைக்குள் கூட்டிப்போய்ப் பார்த்தேன். ஆண்டவரே. வலது மார்பு முழுக்கப் புண். எவ்வளவு நாளா? எவ்வளவு நாளாடி?
"புத்தகம் தந்தீங்களே, அதுக்கு முந்தியே கட்டி இருந்திச்சி."

12.08.2025, செவ்வாய்
ஆஸ்பத்திரி. புற்றுநோய்தான். நேர்ஸ் நிஸ்மியா ஏசினார்: "இவ்வளவு மாசமா வீட்டில என்னத்தப் பாத்துக்கொண்டிருந்தீங்க?" தம்பி என்னைப் பார்த்தான். அவனுக்குப் புத்தகத்தைப் பற்றி எதுவும் தெரியாது. மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

17.10.2025, வெள்ளி
நுரையீரலுக்கும் போய்விட்டதாம். வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.
பாவசங்கீர்த்தனம் செய்தேன். "நீங்க நல்லெண்ணத்திலதானே குடுத்தீங்க" என்றார் பாதர். ஓம் என்றேன். ஓமாம்! அந்த இடத்திலும் பொய். எனக்கு என்ன மன்னிப்பு வேண்டிக்கிடக்கு?

02.11.2025, ஞாயிறு, மரித்தோர் நாள்
கல்லறைக்குப் போகவில்லை. தம்பி தோணியில் மீன்பிடிக்கப் போன பிறகு அவள் பக்கத்தில் இருந்து சொல்லிவிட்டேன். "நீ நோகுது நோகுது எண்டு வாறது எனக்கு அரியண்டமா இருந்திச்சி கா. உன்ட வாய அடைக்கத்தான் அந்தக் கோடு போட்டனான்."
கண்ணைத் திறந்தாள்.
"தெரியும் மச்சாள். அதாலதான் அதுக்கு மறுகா உங்களிட்ட ஒண்டும் சொல்லல்ல."
பிறகு தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன்.