கட்டிப்போன மை

12-7-1955, செவ்வாய்

திருவொற்றியூர் ஆலையில் இன்று மைத்தொட்டியின் அடியில் கரி கட்டிப்போய்க் கிடந்தது. கோந்து இழைகள் கரித்துகளில் ஒரு முனையால் ஒட்டி, மயிர்போல் நின்றால்தான் துகள்கள் ஒன்றையொன்று தள்ளி விலகியிருக்கும். மை நீர்த்து ஓடட்டும் என்று கோந்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னவன் நான். மானேஜர் கேட்டபோது, மை கலக்கும் கன்னியப்பனைக் கைகாட்டினேன். அங்கேயே அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

வாசலில் அவன், "நீதான சார் கம்மியா போட சொன்ன? வூட்ல போய் இன்னா சொல்வேன்?" என்றான். சைக்கிளை எடுத்தேன்.

வீட்டில், முகம் ஏன் வாடியிருக்கிறது என்று மனைவி கமலா கேட்டாள். "வேலைக்காரன் ஒருத்தன் மையைக் கெடுத்துட்டான்" என்றேன்.

"அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்" என்று சாதம் போட்டாள்.

சாப்பிட்டேன்.